வயிற்றுக்குள் ஒரு வைத்தியம் – 7: விடிந்தும் மூச்சு விட்ட குட்டி

சென்ற வாரம்: 1963 செப்டம்பரில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் டாக்டர் வில்லியம் லைலி, தாயின் வயிற்றில் இருந்த குழந்தைக்கே ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார். அவருடைய மருத்துவமனையிலேயே வேலை பார்த்த இன்னொரு டாக்டர், சினை ஆடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை தொழுவத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்…

குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இரவோடு இரவாக ஆடு ஈன்றிருக்கிறது. சினை பிடித்து 117 நாள்தான் ஆகியிருந்தது. செம்மறி குட்டி போட ஏறக்குறைய 147 நாள் ஆகவேண்டும். நம் முந்திரிக்காட்டு ஓரம் ஆடு மேய்ப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்: ஒரு மாதம் முன்னால் விழுந்த பிஞ்சுக்குட்டி தங்காது. டாக்டர் கிரஹாம் லிகின்ஸும் செத்த குட்டியைத்தான் எதிர்பார்த்து வந்தார். இதுவோ விலா உள்வாங்கத் திணறித் திணறி, ஆனாலும் விடாமல், காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

குட்டி நெடுநேரம் தங்கவில்லை. லிகின்ஸ் அதை அறுத்துப் பார்த்தார். அந்த வயதுக் குட்டியின் நுரையீரல் ஈரல் துண்டு மாதிரி கெட்டியாக, காற்றே புகாமல் இருக்கவேண்டும். இதில் ஓரளவுக்குக் காற்று நிரம்பியிருந்தது. பிறப்பதற்கு முன், வயிற்றில் இருந்தபோதே, இந்தக் குட்டிக்கு அவர் ஒரு மருந்தைச் செலுத்தியிருந்தார். அந்த மருந்துக்கும் நுரையீரலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அதுவரை அவர் நினைத்ததே இல்லை.

அவர் தேடியது வேறு.

லிகின்ஸ் 1926-இல் பிறந்தவர். ‘மான்ட்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பிரசவ மருத்துவர். ஆராய்ச்சி செய்ய ஆசை வந்தபோது எதை எடுப்பது என்று லைலியிடமே யோசனை கேட்டார். பெரிய பிரச்சினையாக இருக்கவேண்டும், தீர்க்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என்பதுதான் அவருக்குக் கிடைத்த அறிவுரை. லிகின்ஸ் குறைமாதப் பிரசவத்தை எடுத்துக்கொண்டார். வலி ஏன் முன்கூட்டியே வருகிறது என்று தெரிந்தால் தடுத்துவிடலாம் அல்லவா? அதற்கு முதலில், சரியான நாளில் வலி எப்படி வருகிறது என்று தெரியவேண்டும். நாள் குறிப்பது தாயா, குழந்தையா?

ஆக்லாந்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, ஹாமில்டன் பக்கம் ரூவாகுரா என்ற இடத்தில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஆடுகள் அங்கே கிடைத்தன. வயிற்றில் இருக்கும் குட்டியின் மூளை அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியை மின்சாரத்தால் பொசுக்கினார். நாள் கடந்தும் ஆட்டுக்கு வலி வரவில்லை. பிறகு தலைகீழாகச் செய்து பார்த்தார். குட்டியின் உடம்புக்குள் கார்ட்டிசால் வகை ஸ்டீராய்டுகளைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தினார். நாள் ஆகாமலே வலி வந்தது, ஆடு ஈன்றது. ஆட்டைப் பொறுத்தவரை நாள் குறிப்பது குட்டிதான் என்று உறுதியானது.

அப்படி ஸ்டீராய்டு ஏறிப் பிறந்ததுதான் அந்த 117-ஆம் நாள் குட்டி.

1969-இல் வெளியான அவரது கட்டுரையின் பெரும்பகுதி வலி எப்படித் தொடங்குகிறது என்பதைப் பற்றித்தான். நுரையீரல் விஷயம் கடைசிப் பகுதியில் கொஞ்சமாக வருகிறது: ஸ்டீராய்டு பட்ட குட்டிகளின் நுரையீரல் முன்கூட்டியே பக்குவப்பட்டிருக்கலாம் என்று. பின்னாளில் எத்தனையோ பிள்ளைகளைப் பிழைக்கவைத்த விஷயம், கட்டுரை ஓரத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, ஆறு வருடம் பின்னால் போகவேண்டும்.

*

1963 ஆகஸ்ட் 7. அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடிக்கு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முன்னதாக. எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். அந்த எடையோடு அந்த வாரத்தில் பிறக்கும் பிள்ளை இன்று கடலூர் அரசு மருத்துவமனையில் பிறந்தால் யாரும் பெரிதாகப் பதறமாட்டார்கள். அன்றைக்கு, உலகத்தின் மிகப் பலம் வாய்ந்த மனிதரின் மகன், அமெரிக்காவின் மிகச் சிறந்த டாக்டர்கள் சூழ்ந்திருக்க, 39 மணி நேரம் மூச்சுக்குப் போராடி ஆகஸ்ட் 9 அன்று இறந்துபோனான்.

அந்த வருடம் நம் நெய்வேலி எப்படி இருந்தது? 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். நான்கு வருடம் மேல்மண்ணை வாரிக் கொட்டிய பிறகு, 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் மின்சாரம் வந்தது. ஊரெல்லாம் புதுச் சுண்ணாம்பு வாசம். எங்கெங்கிருந்தோ வந்து வேலையில் சேர்ந்த இளம் குடும்பங்கள். இங்கே ஒரு வட்டத்துக் குவார்ட்டர்ஸில் எட்டாம் மாதத்தில் பிறந்த தொழிலாளியின் பிள்ளைக்கும், கென்னடியின் பிள்ளைக்கும் அன்றைக்கு மருத்துவம் தரக்கூடியது ஏறக்குறைய ஒன்றுதான். சூடு, ஆக்சிஜன், காத்திருப்பு.

வியாதிக்குக் காரணம் தெரியாமல் இல்லை. அதற்கு நான்கு வருடம் முன்பே, 1959-இல், பாஸ்டனில் மேரி எலன் ஏவரி என்ற இளம் பெண் டாக்டர் கண்டுபிடித்திருந்தார். நுரையீரல் என்பது கோடிக்கணக்கான குட்டிக் காற்றறைகள். அறைகளின் உட்சுவரில் எப்போதும் ஈரம் இருக்கும். நனைந்த பாலித்தீன் பையின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும் பாருங்கள், அதே கதிதான் ஒவ்வொரு அறைக்கும். மூச்சு வெளியே போனதும் அறை சப்பென்று ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டாமல் காப்பது சர்ஃபேக்டன்ட் என்ற வழுவழுப்பான பூச்சு. நுரையீரலின் சில செல்கள் அதைச் சுரக்கின்றன. போதுமான அளவு சுரக்க ஏறக்குறைய 34, 35 வாரம் ஆகிறது. அதற்கு முன் பிறக்கும் பிள்ளைக்கு, பிறக்கும்போது இழுக்கும் முதல் மூச்சு எவ்வளவு கடினமோ, அடுத்தடுத்த ஒவ்வொரு மூச்சும் அவ்வளவு கடினம். மார்பு உள்வாங்கும், முனகும், நீலம் பாரிக்கும், கடைசியில் களைத்துப்போகும்.

நம் ஊர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஏழாம் மாசத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாசத்தில் பிறந்தால் பிழைக்காது என்று. இன்றும் பிரசவ வார்டு வாசலில் பாட்டிமார்கள் சொல்லக் கேட்கலாம். பழைய கிரேக்கர்களும் இதையே நம்பினார்கள். ஆனால் காற்றறையின் கணக்கு வேறு. வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு லாபம்; எட்டாம் மாதம் ஏழாம் மாதத்தைவிட எப்போதும் நல்லது. ஏழாம் மாதம் என்பதால் பயமில்லை என்று வீட்டில் தேறுதல் சொல்லிக்கொண்டு ஒரு இரவைக் கடத்தினால், அந்த இரவுதான் பிள்ளைக்குத் தேவைப்பட்ட இரவு. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

*

லிகின்ஸ் குழந்தை மருத்துவரான ராஸ் ஹோவியைச் சேர்த்துக்கொண்டார். ஆட்டில் கண்டதை மனிதரில் சோதிக்கவேண்டும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு மருந்து எப்படிக் கொடுப்பது? ஆட்டுக்குட்டிக்குச் செய்த மாதிரி வயிற்றைக் கிழித்துக் குழாய் சொருகவா முடியும்? தாய்க்கு ஊசி போடவேண்டும், அது குழந்தைக்குப் போய்ச் சேரவேண்டும். அதற்கு நடுவில் ஒரு காவலாளி நிற்கிறது: நஞ்சுக்கொடி.

நஞ்சுக்கொடியில் ஒரு நொதி உண்டு. தாயின் ரத்தத்தில் ஓடும் கார்ட்டிசாலைக் குழந்தைப் பக்கம் போகும் முன்பே அது பெரும்பாலும் செயலிழக்கச் செய்துவிடுகிறது. பிரெட்னிசலோன் மாத்திரைக்கும் அதே மரியாதைதான். ஆஸ்துமா உள்ள கர்ப்பிணிக்குப் பிரெட்னிசலோனைத் தைரியமாகக் கொடுக்க முடிவது இதனால். குழந்தைக்குப் போவது மிகக் கொஞ்சம். ஆனால் பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன் என்ற இரண்டை அந்த நொதியால் அவ்வளவாக உடைக்க முடியவில்லை. இரண்டும் இரட்டைப் பிறவிகள். மூலக்கூறில் ஒரே ஒரு அணுக்கூட்டம் ஒன்றில் மேல்நோக்கி, மற்றதில் கீழ்நோக்கி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டுமே காவலைத் தாண்டிக் குழந்தையின் ரத்தத்தில் கலக்கின்றன.

லிகின்ஸ் பீட்டாமெத்தசோனை எடுத்தார்.

1969 டிசம்பரில் சோதனை தொடங்கியது. 24-லிருந்து 36 வாரத்துக்குள் வலி வந்த தாய்மார்களில் ஒரு பகுதியினருக்கு 12 மில்லிகிராம் பீட்டாமெத்தசோன், ஒரு நாள் கழித்து மறுபடி 12. மற்றவர்களுக்கு வீரியம் மிகக் குறைந்த கார்ட்டிசோன். எந்தத் தாய்க்கு எது போகிறது என்பது குலுக்கல் முறையில்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ஸ்டீராய்டு ஆட்டுக்கு வலியை வரவழைக்கும். மனிதப் பெண்ணுக்கும் அப்படியே வரவழைத்திருந்தால் இந்த வைத்தியத்துக்கு அன்றைக்கே முடிவு. குறைமாதப் பிள்ளையின் நுரையீரலைத் தேற்றப்போய் பிள்ளையை இன்னும் சீக்கிரம் வெளியே தள்ளுவதாக ஆகியிருக்கும். நல்லவேளை, மனித உடம்பில் பிரசவ வலிக்குச் சாவி வேறு. லிகின்ஸ் தேடிய கேள்விக்கு ஆடு தந்த பதில் மனிதருக்குப் பொருந்தவில்லை. அவர் தேடாத கேள்விக்குத் தந்த பதில் பொருந்தியது.

282 தாய்மார்களின் முடிவுகளோடு 1972-இல் கட்டுரை வந்தது. பிறந்த முதல் வாரத்துச் சாவு, கட்டுப்பாட்டுக் குழுவில் நூற்றுக்கு 15. பீட்டாமெத்தசோன் பெற்ற குழுவில் 3.2. மூச்சுத்திணறல் நோய் 25.8 சதவீதத்திலிருந்து 9-க்கு இறங்கியிருந்தது. 32 வாரத்துக்கு முன் பிறந்து, பிறப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் மருந்து சேர்ந்த பிள்ளைகளை மட்டும் தனியாகப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது: மருந்து இல்லாதவர்களில் 69.6 சதவீதத்துக்கு மூச்சுத்திணறல், மருந்து பெற்றவர்களில் 11.8.

அந்த ‘24 மணி நேரம்’ என்ற சொற்களை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விலையோ மலிவு. புது இயந்திரம் வேண்டாம். ஏற்கெனவே மருந்துக்கடையில் இருக்கும் சாதாரண ஊசி. அடுத்த வருடமே உலகத்துப் பிரசவ வார்டுகளில் எல்லாம் இது பழக்கத்துக்கு வந்திருக்கவேண்டும்.

வரவில்லை. ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடம் இல்லை. இருபது வருடத்துக்கு மேல்.

*

ஏன்?

டாக்டர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. 1961-இல்தான் தாலிடோமைடு வெளிச்சத்துக்கு வந்தது. மசக்கைக்குக் கொடுத்த மாத்திரையால் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் கையும் காலும் வளராமல் பிறந்திருந்தார்கள். 1971 ஏப்ரலில் அடுத்த இடி: கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பித் தாய்மார்களுக்குக் கொடுத்த டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், வயிற்றில் இருந்த பெண் பிள்ளைகளுக்கு வளர்ந்து ஆளான பிறகு அரிய வகைப் புற்றுநோயைத் தந்திருந்தது. அதற்கு அடுத்த வருடம் ஒருவர் வந்து, ‘கர்ப்பிணிக்கு ஸ்டீராய்டு போடுங்கள், பிள்ளைக்கு நல்லது’ என்றால் எந்த டாக்டருக்குக் கை வரும்?

லிகின்ஸ், ஹோவியின் கட்டுரையிலேயே ஒரு நெருடல் இருந்தது. ரத்த அழுத்தம் முற்றிய தாய்மார்களில், ஸ்டீராய்டு பெற்ற பிரிவில் வயிற்றிலேயே இறந்த பிள்ளைகள் அதிகம். அது தற்செயல் என்று பின்னால் வந்த ஆய்வுகள் தெளிவுபடுத்தின. ஆனால் அப்போதைக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. 1981-இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்று வந்து, பலன் முக்கியமாகப் பெண் குழந்தைகளுக்குத்தான் என்று சொல்லி இன்னும் குழப்பியது. மற்ற ஆய்வுகள் எல்லாம் சிறியவை. தனித்தனியாகப் பார்த்தால் ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’.

அதே 1981-இல் டப்ளின் நகரத்துப் பெண் டாக்டர் பாட்ரிசியா குரோலி, அதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, நன்மைதான் மிகுதி என்று எழுதினார். கேட்க ஆள் இல்லை. 1990-இல் மறுபடி. இந்தமுறை 12 ஆய்வுகள், 3,000-க்கும் மேற்பட்ட பிறப்புகள். ஆணோ பெண்ணோ, பலன் இருக்கிறது. மூச்சுத்திணறல் குறைகிறது, மூளைக்குள் ரத்தக்கசிவு குறைகிறது, சாவு குறைகிறது.

1993-இல் காக்ரேன் கூட்டமைப்பு தொடங்கியது. மருத்துவ ஆய்வுகளைச் சலித்து ஒன்றுசேர்த்துச் சொல்லும் அமைப்பு. அதன் தொடக்ககாலச் சின்னத்தைப் பாருங்கள். வட்டத்துக்குள் செங்குத்தாக ஒரு கோடு. அதன்மேல் படுக்கைவசத்தில் ஏழு கோடுகள். ஒவ்வொரு படுக்கைக் கோடும் ஒரு ஆய்வு. கோடு செங்குத்துக் கோட்டுக்கு இடப்பக்கம் முழுதாக நின்றால் மருந்து பலித்தது என்று பொருள். செங்குத்துக் கோட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ நிச்சயமில்லை. ஏழில் பல கோடுகள் தொட்டுக்கொண்டுதான் கிடக்கின்றன. ஏழையும் கூட்டிய விடை, அடியில் ஒரு சின்ன வைரம். அது தெளிவாக இடப்பக்கம் நிற்கிறது. அந்த ஏழும் இந்த ஊசியின் ஆய்வுகள். கூட்டிப் பார்க்க அநேகமாக யாரும் மெனக்கெடாத வருடங்களில் இறந்த பிள்ளைகளின் நினைவாகத்தான் நான் அந்தச் சின்னத்தைப் பார்க்கிறேன்.

1994-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் ‘கொடுங்கள்’ என்று சொன்னது. ஆக்லாந்தில் 1969-லிருந்து 1974 வரை அந்தச் சோதனையில் பிறந்த பிள்ளைகளை 30 வயதில் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 2005-இல் வந்த முடிவில் இதயம், ரத்த அழுத்தம் எதிலும் கவலைப்படும் வித்தியாசம் இல்லை. தாலிடோமைடு பயத்துக்கு விடை கிடைத்தது.

*

இனி நம் பக்கம் வருவோம்.

ஒரு இரவை நினைத்துக்கொள்ளுங்கள். முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரித் தோப்புக்கு நடுவே ஒரு வீடு. வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை, நைட் ஷிப்டில் இருக்கிறார். மருமகளுக்கு ஏழரை மாதம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள்.

“அத்தை, வயிறு இறுக்கிப் பிடிச்சு விடுது.”

“சூட்டு வலிதான் கண்ணு. ஒரு வாய் வெந்தயத்தைப் போட்டுத் தண்ணி குடிச்சிட்டுப் படு. காலைல சரியாயிடும்.”

அத்தை சொன்னதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. சூட்டு வலி என்பது உண்மையிலேயே உண்டு. பத்தில் பல தடவை வெந்தயம் குடித்துப் படுத்தால் அடங்கியும் விடும். ஆனால் அடங்காத அந்த ஒரு தடவையில், ராத்திரி பதினோரு மணியிலிருந்து காலை ஏழு மணிவரை எட்டு மணி நேரம் போய்விடுகிறது. பனிக்குடம் உடைந்த பிறகு ஓட்டம். 108 வருகிறது. பண்ருட்டியா, கடலூரா, புதுச்சேரி ஜிப்மரா? ஜிப்மர் என்றால் இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்து, சீட்டு எழுதி, ஸ்கேன் பார்த்து, ஊசி போட்ட அரை மணியில் பிள்ளை வெளியே வந்தால்?

மருந்து நுரையீரலுக்குப் போய், செல்லுக்குள் நுழைந்து, சர்ஃபேக்டன்ட் சுரக்கும் வேலையை முடுக்கிவிட்டு, அந்தப் பூச்சு காற்றறைகளில் படியவேண்டும். அதற்கு மணிக்கணக்கில் நேரம் தேவை. ஒரு நாள் கிடைத்தால் முழுப் பலன். கொஞ்ச நேரமே கிடைத்தாலும் ஒன்றும் இல்லாததற்கு மேல். அடிக்கோடிட்டு வைக்கச் சொன்ன 24 மணி நேரம் இதுதான்.

2010-இல் இந்தியாவில் சுமார் 35 லட்சம் பிள்ளைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் கணக்கிட்டன. வேறு எந்த நாட்டிலும் இத்தனை இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை ஊசிக்காகக் காத்திருந்தால் இவர்களில் பெரும்பாலோருக்கு நேரம் கைகூடாது. அப்படியென்றால் ஊசி அல்லவா அவர்கள் வீட்டுப் பக்கம் வரவேண்டும்?

2014 ஜூனில் மத்திய சுகாதாரத் துறை அந்த முடிவை எடுத்தது. 24-லிருந்து 34 வாரத்துக்குள் வலி வந்த கர்ப்பிணிக்கு டெக்சாமெத்தசோன் ஊசியைத் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரே போடலாம். போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். ஒரு தடவைக்கு 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு தடவை. பீட்டாமெத்தசோனை விட்டு டெக்சாமெத்தசோனை எடுத்ததற்குக் காரணம், அது எந்தக் கிராமத்து அலமாரியிலும் இருக்கும் மருந்து, விலை சில ரூபாய்.

கண்முன் கொண்டுவந்து பாருங்கள். கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பி. உள்ளே 2 மில்லி, தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத திரவம். ஒரு மில்லியில் 4 மில்லிகிராம். நர்சம்மா சிரிஞ்சில் ஒன்றரை மில்லி இழுக்கிறார், அரை மில்லி குப்பியிலேயே நிற்கிறது. தசையில் குத்துகிறார். நம் முத்தாண்டிக்குப்பத்து மருமகளுக்கு ராத்திரி பதினோரு மணிக்கே இது கிடைத்திருந்தால், ஜிப்மர் வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும்போது மருந்து வேலையைத் தொடங்கியிருக்கும்.

பிரசவ டாக்டர்கள் பலர் நீண்டகாலமாகக் கேட்டது இது. 1972-இல் ஆக்லாந்தில் நிரூபணமானது 42 வருடம் கழித்து இந்தியக் கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

ஏறக்குறைய நான்கு மாதம்தான் போயிருந்தது.

2014 அக்டோபர். லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. அர்ஜென்டினா, குவாத்தமாலா, கென்யா, ஜாம்பியா, பாகிஸ்தான், இந்தியா, ஆறு நாடுகள். இந்தியாவில் பெலகாவியும் நாக்பூரும். ஏறக்குறைய ஒரு லட்சம் பிறப்புகள். கேட்ட கேள்வி இந்தியா நடைமுறைக்குக் கொண்டுவந்த அதே யோசனை: இந்த ஊசியைக் கிராமம்வரை கொண்டுபோனால் எத்தனை பிள்ளைகள் கூடுதலாகப் பிழைப்பார்கள்? சில பகுதிகளில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் ஊசியும் கொடுத்தார்கள். சில பகுதிகளை வழக்கம்போல விட்டார்கள்.

ஊசி போன பகுதிகளில் பிள்ளைச் சாவு குறையவில்லை. கூடியிருந்தது. இந்தத் திட்டத்துக்கு உட்பட்ட ஆயிரம் தாய்மார்களுக்கு 3.5 பச்சிளம் பிள்ளைகள் என்ற கணக்கில் கூடுதலாக இறந்திருந்தார்கள். தாய்மார்களிடம் நோய்த்தொற்றுச் சந்தேகமும் அதிகம்.

இந்த இடத்தில் வாசகர்களிடம், முக்கியமாக வயிற்றில் பிள்ளையோடு படிப்பவர்களிடம், ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டர் எழுதும் ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வாரம் சரியாகத் தெரிந்து, பிள்ளையைக் கவனிக்க வசதியுள்ள மருத்துவமனையில் போடும் இந்த ஊசி உயிர் காக்கிறது. அதில் இன்று சந்தேகம் இல்லை. 34 வாரத்துக்கு முன் இடுப்பு வலியோ, வயிறு விட்டுவிட்டு இறுகுவதோ, தண்ணீர் கசிவதோ இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே போங்கள். பிள்ளையின் நுரையீரலுக்கு ஊசி தேவையா என்று நீங்களே கேளுங்கள். ஸ்கேன் சீட்டையும் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் எழுதிய புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். அந்தச் சீட்டு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இந்த மர்மத்தோடேயே சம்பந்தப்பட்டது.

ஆக்லாந்தில் பிழைக்கவைத்த மருந்து கிராமங்களில் ஏன் காப்பாற்றவில்லை? டெல்லி தன் உத்தரவைத் திரும்பப் பெறவேண்டுமா? லிகின்ஸ் 2010-இலேயே காலமாகிவிட்டார். கேட்க அவர் இல்லை. ஆய்வாளர்கள் தங்கள் பதிவேடுகளை மறுபடி புரட்டினார்கள். அந்த ஆய்வில், கடைசி மாதவிலக்குத் தேதி தெரியாத தாய்மார்களுக்கு எத்தனை வாரம் என்று கணிக்கப் பணியாளர்களிடம் ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். வயிற்றின் மேல் வைத்து அளக்கும், வண்ணம் பூசிய ஒரு நாடா. இந்த நிறத்துக்குள் வந்தால் ஊசி போடு, தாண்டினால் போடாதே.

அந்த நாடா யாரையெல்லாம் குறைமாதம் என்று காட்டியது?

(அடுத்த வாரம் தொடரும்)